ஏழாவது கேள்வி

படிவத்தின் ஏழாவது கேள்விக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. ‘இந்த மாணவர் மீது பள்ளி எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததுண்டா?’ கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் கணினித் திரையைப் பார்க்காமலேயே, "ஆம்னு போட்டுடுங்க மிஸ். யோசிக்காதீங்க" என்றாள்.

பள்ளியில் அவளுக்குப் பெயர் ரேடியோ. ஒன்பதாம் வகுப்புவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் யாரோ வைத்த பெயர். பத்தாம் வகுப்பில் மூன்று நாள் இடைநீக்கம் முடிந்து திரும்பி வந்தபோது அந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். பேச்சு போனது, பெயர் போகவில்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மூன்று இடங்களில் ஒன்று எப்போதும் அவளுக்குத்தான்.

என்னைப் பிள்ளைகள் காலேஜ் மிஸ் என்பார்கள். நான் பாடம் எடுப்பதில்லை. யார் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், கட்டுரையில் எதை எழுதலாம், எதை எழுதி மானத்தை வாங்கக்கூடாது என்று சொல்வதும், பள்ளியின் சார்பில் ஒவ்வொருவருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் என் வேலை. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையைக் காலிசெய்துதான் எனக்குக் கொடுத்தார்கள். எத்தனை முறை துடைத்தாலும் பழைய ரப்பர் பந்தின் வாடை அதிலிருந்து போகவில்லை. இந்த ஆண்டு எண்பத்து நான்கு பிள்ளைகள். அன்று செவ்வாய்க்கிழமை. ரேடியோ விண்ணப்பிக்கவிருந்த கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி நேரம்.

ஏழாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தால், மாணவர் தன் கைப்பட ஒரு விளக்கம் எழுத வேண்டும். நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இதுதான்: என்ன நடந்தது, அதில் உன் பங்கு என்ன, அதற்குப் பிறகு உன்னிடம் என்ன மாறியது. சுற்றி வளைக்காதே, அடுத்தவர் மேல் பழி போடாதே, அழுது வடியாதே. தவறு செய்த பிள்ளைகளைக் கல்லூரிகள் ஒதுக்குவதில்லை. மழுப்புகிற பிள்ளைகளைத்தான் ஒதுக்கும். ரேடியோ எழுதிக்கொண்டு வந்திருந்த விளக்கத்தில் மழுப்பல் கிடையாது. ஆனால் உயிரும் இல்லை. ‘அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஆசிரியர் அறைக்குள் சென்று, வேதியியல் வினாத்தாளை என் கைபேசியில் படம் எடுத்து வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். அது தவறு. வருந்துகிறேன்.’ காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாக்கியம் எங்கே வறண்டுபோகிறதோ அங்கே பிள்ளை எதையோ மறைக்கிறது. அந்த இடத்தைத் தோண்டினால் நல்ல கட்டுரை கிடைக்கும். அந்த ஆசையில்தான் கேட்டேன்.

"அந்த நேரத்துல பசங்களை ஸ்டாஃப் ரூமுக்குள்ள விடமாட்டாங்களே. எப்படிப் போன?"

"கதவு திறந்து இருந்துச்சு மிஸ்."

"வினாத்தாள் எங்க இருந்துச்சு?"

"கெமிஸ்ட்ரி மிஸ்ஸோட டேபிள்ல."

"அது எங்க இருந்துச்சு?"

"ஜன்னல் பக்கம்."

இன்று அந்த மேசை ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. போன ஆண்டு மழையில் கூரை ஒழுகியபோது நகர்த்திப் போட்டார்கள். அதற்கு முன் அது கதவை ஒட்டி, பீரோவுக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது எனக்குத் தனி அறை கிடையாது. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேதியியல் ஆசிரியையின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் கூட்டத்துக்குப் போகும் மாலைகளில் என் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பவள் என் மகள், ரேடியோவின் வகுப்புத் தோழி. ஆசிரியர் பிள்ளை என்பதால் அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"நீ அந்த ரூமுக்குள்ள போகவே இல்ல" என்றேன். "போனை யார்கிட்ட கொடுத்த?"

ரேடியோ தன் கோப்பை மூடி நாடாவைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினாள். "அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் மிஸ். இப்ப அவளை எதுவும் கேக்காதீங்க."

அந்த மாதம் என் மகளின் கைபேசி எங்கள் வீட்டு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு நான் கொடுத்த தண்டனை. மகளிடம் போன் இல்லை, தோழியிடம் இருந்தது. இவ்வளவு எளிய கூட்டலைப் போட எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அன்று மாலை வீட்டில் மகள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சீருடைச் சட்டையில் மாணவர் தலைவிக்கான பேட்ஜ் குத்தியபடியே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டுவிட்டேன். காபி போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகப் பேசவேண்டும் என்று பேருந்தில் நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம் காற்றில் போனது.

"கெமிஸ்ட்ரி பேப்பரை போட்டோ எடுத்தது நீயா?"

அவள் கையில் இருந்த துண்டை மடித்து முடித்தாள். "யாரு சொன்னா? அவளா?"

"அவ சொல்லல."

"அப்புறம் உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள். சண்டைக்கு வருகிற குரலில் பேச ஆரம்பித்தாள். "அப்பாவுக்கு அப்ப வேலை இல்ல. நீ புதுசா சேர்ந்திருந்த. இன்னும் பர்மனென்ட் ஆகல, பர்மனென்ட் ஆகலன்னு தினமும் அத்தைகிட்ட போன்ல புலம்பிட்டு இருந்த. நான் மாட்டியிருந்தா உன்னை அங்க வெச்சிருப்பாங்களா? கிளாஸ்ல வேற ஒருத்திக்குத்தான் அனுப்பினேன். அந்தப் பொண்ணு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுட்டா, படம் வந்த நம்பரும் தெரியற மாதிரி... அது ரேடியோவோட நம்பர்."

"அவகிட்ட நீ பழியை ஏத்துக்கச் சொன்னியா?"

"நான் கேக்கல. அவளாத்தான் சொன்னா, நான் சொல்லிக்கறேன்னு." துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "கேக்கலன்னு இல்ல. அவ முன்னாடி உக்காந்து அழுதேன். அவ்வளவுதான்."

"சரி, அதுக்கப்புறம் ஏன் அவகூட பேசறதையே விட்ட?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானம்மா சொன்ன."

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. இடைநீக்கம் முடிந்த சனிக்கிழமை, வழக்கம்போல ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வெளிக் கதவருகே நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் உள்ளே மகளின் கையைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் அவள் சகவாசம் வேண்டாம் என்றேன். பன்றியோடு சேர்ந்த கன்றும் என்று பழமொழியை ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். மீதிப் பாதி எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

"நாளைக்கு பிரின்சிபால்கிட்ட போகலாம். நான் கூட வர்றேன்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும்மா. என்னோடது போயிடட்டும். அப்புறம் யார்கிட்ட வேணாலும் சொல்றேன்."

"அவளோடதும் வெள்ளிக்கிழமைதான் போகுது."

"அவளுக்குத்தான் நீ எழுதப் போறியே. உன் லெட்டரைப் படிச்சா கல்லும் கரையும்னு எல்லாரும் சொல்றாங்க. எழுதிக் கொடு."

அவள் வெடுக்கென்று சொன்னதுதான். ஆனால் அது எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. உண்மையில் அது ஒரு வழி. கணவரிடம் சொல்லியிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். அவரிடம் நான் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, பெற்றோர் ஒப்புதலில் கையெழுத்துப் போட ரேடியோவின் அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். நகக்கண்களில் கருப்பு மசகு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அச்செடுத்த படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாவது கேள்வியில் அவர் விரல் நின்றது.

"இதை எழுதித்தான் ஆகணுமா மிஸ்?"

"கேள்வி இருக்கே சார். மறைச்சு, பின்னாடி தெரிஞ்சா கிடைச்ச இடமும் போயிடும்."

"மறைக்கச் சொல்லல." படிவத்தை மேசையில் வைத்து நேராக்கினார். "அன்னிக்கு அவளைக் கை நீட்டி அடிச்சிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு நாளும் அடிச்சதில்ல. ஏன் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னு கேட்டேன். வாயையே திறக்கல. அது இல்லாம இன்னொண்ணு. ரெண்டு வருஷமா அவ ரூமுக்குள்ள வந்தா நான் என் போனை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குவேன். வேணும்னு இல்ல, கை தானா போகும். அவ அதைப் பார்த்திருக்கா. போன வாரம் நான் போடறதுக்கு முன்னாடி அவளே எடுத்து என் கையில கொடுக்கறா." சிரிக்க முயன்றார். "நீங்க உள்ளதை எழுதுங்க மிஸ். அவ நல்ல பொண்ணு, அதையும் சேர்த்து எழுதுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். உள்ளதை எழுதுங்கள் என்று அந்த மனிதர் சொன்னபோது என் வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவேண்டியது நான் இல்லையே, என் மகள்தானே, ரேடியோவே வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். காரணங்கள் மூன்றாகும்போதே தெரிந்திருக்கவேண்டும். அவர் படியிறங்கிப் போகும்வரை பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பதினோரு வருடம் இரண்டு பள்ளிகளில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கடிதத்தை எழுதியதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் உடைந்த கருவிக்கு அவள் தானே மாற்று ஒன்று செய்து வைத்தது, பேச்சு திக்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒரு முழு வருடம் தினமும் இடைவேளையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவைத்தது, எல்லாம் எழுதினேன். அந்தச் சம்பவத்தையும் எழுதினேன். ‘ஒரு கணத் தடுமாற்றத்தை ஒருவர் எவ்வளவு கண்ணியமாகச் சுமக்க முடியும் என்பதை இவளிடம் கற்றேன்’ என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்படிக் கலங்கியதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. இதைவிட அதிகமாக ஒருவரால் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றியது.

பரிந்துரைக் கடிதத்தை மாணவருக்குக் காட்டுவது வழக்கமில்லை. காட்டக்கூடாது என்று மற்ற ஆசிரியர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனாலும் வியாழக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன் ரேடியோவை வரச்சொல்லி அச்செடுத்த தாளை அவள் முன் வைத்தேன். அவள் படித்துவிட்டு ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது எனக்கு. என்ன சொல்லவேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். ‘பரவாயில்லை மிஸ்’ என்று சொல்லவேண்டும்.

நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். வெளியே பிள்ளைகள் படியேறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு மிஸ்" என்றாள். "நம்மளைப் பத்தி யாராச்சும் இப்படி எழுதுவாங்களான்னு இருக்கு."

"உனக்கு எதாவது மாத்தணுமா?"

"இல்ல மிஸ்." தாளை மேசையில் வைத்தாள். "இதுலயும் நான்தான் செஞ்சிருக்கேன். அவ்வளவுதான்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்கு விடையைச் சரிபார்த்துச் சொல்கிற குரல். நான் தலை நிமிரவில்லை.

"நான் உங்ககிட்ட எதையும் கேக்கல மிஸ். அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. அப்பாகிட்ட மட்டும் ஒரு நாள் சொல்லணும்னு வெச்சிருக்கேன். காலேஜ்ல சேர்ந்துட்டு, ஊரைவிட்டுப் போனதுக்கப்புறம் போன்ல சொல்லலாம்னு. நேர்ல சொன்னா அவர் அடிச்சதை நினைச்சு அழுவார்."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போனாள்.

நான் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது நல்ல கடிதம். ஒரு பத்தியைத் தவிர. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல்வரின் அறைக்குப் போனேன். எழுத்தர் உள்ளே ஆள் இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்று நின்றேன். வழியில் வேறு யாராவது என்னைக் கூப்பிட்டிருந்தால் அந்த வேலையைப் பார்க்கத் திரும்பிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதல்வர் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"ஆறின புண்ணை எதுக்கு மேடம் கீறணும்?"

"ஆறல சார். மூடி வெச்சிருக்கோம்."

"உங்க பொண்ணு படிவத்துல ‘இல்லை’ன்னு குறிச்சு நேத்தே வைஸ் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டாச்சு. தெரியுமில்ல?"

தெரியும். தாய் தன் மகளுக்குப் படிவம் நிரப்பக்கூடாது, துணை முதல்வர்தான் பார்க்கவேண்டும் என்று விதி கொண்டுவந்ததே நான்தான். நேர்மையானவள் என்று அன்று கூட்டத்தில் கைதட்டினார்கள்.

"நிர்வாகத்துக்குப் போனா உங்களையும் கேப்பாங்க. ஸ்டாஃப் ரூம்ல உங்க பொண்ணை உக்கார வெச்சது யாருன்னு."

"கேக்கட்டும் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்றதை வெச்சு நான் பதிவை மாத்த முடியாது. நீங்க நேர்ல பார்க்கல. தப்பு செஞ்சேன்னு அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்தது ஃபைல்ல இருக்கு. உங்க பொண்ணு தானா வந்து சொன்னா எழுதி வாங்கிக்கறேன். ரெண்டு காலேஜுக்கும் இன்னிக்கே நான் பேசறேன். சொல்லலன்னா நாளைக்கு ரெண்டு படிவமும் இப்ப இருக்கற மாதிரியே போகும். ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிக்கறேன். நீங்க உள்ள இருக்கக்கூடாது."

ஆயாவை அனுப்பி இருவரையும் அழைத்துவரச் சொன்னார். நான் வெளியே வந்து வராந்தாவில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் ரேடியோ வந்தாள். என் கையில் இருந்த தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "ஏன் மிஸ்?" என்று மட்டும் கேட்டுவிட்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமா, பயமா தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது.

என் மகள் ஆய்வகக் கட்டடத்திலிருந்து வந்தாள். ஆயாவுக்கு நாலு அடி பின்னால், மெதுவாக. தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டாள். நடை ஒருமுறை தடுமாறி மறுபடி சீரானது. அவளிடம் என்ன சொல்லவேண்டும் என்று வரிவரியாக யோசித்து வைத்திருந்தேன். எண்பத்து நான்கு பிள்ளைகளுக்கு எதை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுப்பவள். அவள் அருகில் வந்தபோது நான் பாதி எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி முதல்வரின் கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். கதவைத் திறக்காமல் அப்படியே நின்றாள். அவளுடைய தோள்பட்டை ஏறி இறங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

பிறகு திரும்பி பெஞ்சின் மறுமுனைக்கு வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு ரேடியோவின் முன்னால் போய் நின்றாள்.

"நீயும் வர்றியா?" என்றாள். "தனியா முடியல."

ரேடியோ உடனே எழவில்லை. மடியில் இருந்த பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தொலைபேசி அடித்து ஓய்ந்தது. பிறகு பையை பெஞ்சில் வைத்தாள். எழுந்து பாவாடை மடிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள். ஒருவர் ஒருவராக வரவேண்டும் என்று முதல்வர் ஏதோ சொல்ல ஆரம்பித்தது கேட்டது. அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கதவில் பதித்திருந்தது சொரசொரப்பான கண்ணாடி. அதன் வழியே உருவங்கள் தெரியும், முகம் தெரியாது. ஒரே சீருடை, ஒரே உயரம், ஒரே மாதிரி பின்னிவிட்ட இரட்டைச் சடை. நீலமாக இரண்டு நிழல்கள் அடுத்தடுத்து நின்றன. நாற்காலி இருந்தும் இரண்டுமே உட்காரவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. கையில் இருந்த கடிதம் வேர்வையில் நனைந்து மடிப்பு ஓரத்தில் மை கலையத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு நிழல்களில் ஒன்று மேசையை நோக்கி ஓர் அடி முன்னால் நகர்ந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எது என் மகள் என்று தெரியவில்லை.